குறை இல்லை

றிசானாவின் மகனுக்கு மாதாமாதம் பிறரின் இரத்தத்தை ஏற்றுகிறார்கள். காரணம் நான். அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

றிசானா என் சாச்சியின், அதாவது உம்மாவின் தங்கையின் மகள்; கண்டக்குழி ஊர்க்காரி. எங்கள் மாமாவின் மகன் பர்ஹானுக்கு அவளைக் கல்யாணம் பேசியபோது, இருவரும் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கு மரபணுப் பரிசோதனை செய்துகொண்டார்கள். குறை இருவரிடமும் இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து.

பரிசோதனை செய்த ஆய்வுகூடத்தின் மென்பொருளை எழுதியவள் நான். ஆட்களின் மரபணு மாற்றங்கள் எங்கள் தரவுத்தளத்தில். எந்த மாற்றம் நோய் தரும் என்பது வெளிநாட்டுத் தரவுத்தளத்தில். இரண்டையும் இணைப்பது என் வேலை. ஆனால் ஒரே மாற்றத்துக்கு இங்கே ஒரு பெயர், அங்கே வேறொன்று!

உடன் வேலைசெய்த சுகந்தி கேட்டாள்: "பேர் பொருந்தாட்டி என்ன காட்டும்?"

"குறை இல்லை எண்டு."

"தெரியாது எண்டெல்லோ காட்ட வேணும்?"

"அப்படிக் காட்டினா பாதிப் பேருக்குத் தெரியாது எண்டுதான் வரும். யார் இதை வாங்குவாங்க? பிறகு திருத்துவம்."

திருத்தவில்லை. சோம்பலா? இல்லை... வேலை முடிந்தது என்ற பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது!

இருவருக்கும் 'குறை இல்லை' என்று வந்தது. றிசானா தொலைபேசியில் கேட்டாள்: "ராத்தா, நம்பலாமா?"

அந்தக் கணம் சுகந்தியின் கேள்வி நினைவுக்கு வந்தது. வந்தும்...

"ஓம், நம்பு. நான் செஞ்சதுதானே" என்றேன்.

கல்யாணம் நடந்தது. பிள்ளை பிறந்து சில மாதங்களில் வெளுத்துப் போனான். ஓடிப்போய்ப் பழைய பதிவுகளைத் திறந்தேன். இருவரிடமும் ஒரே மாற்றம், குடும்ப வழியாக வந்தது. வெளிநாட்டுத் தரவுத்தளத்திலும் அது இருந்தது, வேறு பெயரில்!

யாருக்கும் தெரியாமல் நிரலைத் திருத்தினேன். முன்பு கொடுத்த முடிவுகளை மீண்டும் பாருங்கள் என்று மட்டும் ஆய்வுகூடத்தாரிடம் சொல்லவில்லை. சொன்னால், யார் எழுதியது என்று கேட்பார்களே! அந்த முடிவுகளை நம்பி எத்தனை பேர் மணம் முடித்தார்களோ... நான் எப்படிப்பட்டவள்?

போன மாதம், பிள்ளைக்கு இரத்தம் ஏற்றும் வார்டுக்குப் போனேன். றிசானா எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"டெஸ்டும் சில நேரம் பிழைக்குமாம், ராத்தா. டொக்டர் சொன்னார். அல்லாஹ்ட நாட்டம்."

"ஓம்" என்றேன். அல்லாஹ்வின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்!

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண், மடியில் வெளுத்த குழந்தை. றிசானா அவளைக் காட்டினாள்: "இவங்க ஊர் உச்சமுனை. இவங்களும் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டுத்தான் கல்யாணம் முடிச்சவங்களாம்."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எங்கே எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.