ஆறு பால்

அன்று பரமட்டாவில் பஸ் மாறும்போதே கைக்கடிகாரத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். தொழிற்சாலையில் என் சோதனைக்காலம் முடியும் நாள். என்னைத் தனியாக எஃகு செதுக்கும் மெஷினில் விடலாமா என்று எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர் படிவத்தில் எழுத வேண்டும். விடலாம் என்று எழுதினால் வேலை நிரந்தரம். கோயம்புத்தூரிலிருந்து மனைவியும் மகளும் வருவதற்கு விமான டிக்கெட் போடலாம்.

மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். காலையில் ஒரு எஃகு அச்சைக் காட்டினார். கிண்ணம் போலக் குழிந்தது. அடிப்பக்கம் தட்டை, சுவர் அடியோடு சேரும் மூலை வளைவு.

"இதுக்கு ஆறு பால் போடுங்கோ," என்றார்.

பால் என்றால் குடிக்கிற பாலில்லை, நுனி பந்து போல உருண்டையான கட்டர். ஆறு என்றால்? ஊரில் பதினான்கு வருடம் வேலை பார்த்த பட்டறையில் ஆரத்தைத்தான் சொல்வோம். இங்கே எப்படியோ. கேட்டால் என்ன, குறைந்தா போய்விடுவேன்? குறைந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, ஆரம் ஆறு மில்லிமீட்டர் உள்ள கட்டரை மாட்டி ஓடவிட்டேன்.

மதியம் டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்த தயிர்சாதத்தை வழிக்கப் பார்த்தேன். கரண்டி பெரிது, மூலைக்குள் போகவில்லை. அச்சின் வரைபடத்தில் அந்த மூலை வளைவின் ஆரம் ஐந்து மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. ஐந்துக்குள் ஆறு எப்படிப் போகும்? அவர் சொன்னது விட்டம், ஆரம் மூன்றுதான்.

ஓடினேன். கட்டர் தட்டையான அடியை முடித்து வளைவில் ஏறப் போகிற இடம். நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரில் கீறல் இல்லை. சத்தமில்லாமல் சின்ன கட்டரை மாட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் மெஷின் நின்றதைக் கவனித்து அவர் வந்துவிட்டார்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"ஆறுன்னதும் ரேடியஸ்னு எடுத்துக்கிட்டேங்க."

"கேட்டிருக்கலாம்தானே?"

"கேட்டா, ஒண்ணும் தெரியாதவன்னு நினைப்பீங்கன்னு..."

அவர் குனிந்து அச்சைத் தடவிப் பார்த்தார். "ஒண்டும் பழுதாகேல்லை. நல்லகாலம்," என்றார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மூன்று மணிக்குப் படிவத்தைக் கையெழுத்துக்காக என் முன் வைத்தார். வேலை அறிவு: மிக நன்று. தனியாக விடலாமா என்ற கட்டத்தில், இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். எதிர்த்துப் பேச வாயெடுத்தேன். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.