சிவப்பு அம்புகள்

தையல் ஆலையில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. தைத்து முடித்த சட்டைகள் பெட்டிக்குள் போகும் முன் கடைசியாக அவள் மேசைக்குத்தான் வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். தையல் விலகியிருந்தாலும், பித்தான் சாய்ந்திருந்தாலும், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிச் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"பூதக்கண்ணாடிகிட்ட தப்பிச்ச சட்டை நேரா சொர்க்கத்துக்கே போகும்" என்று தையல்காரப் பெண்கள் அவள் காதுபடவே சொல்வார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. கணவர் காயப்போட்ட துணியை எடுத்து உதறி மறுபடி போடுவாள். மகள் பெருக்கிய தரையை இன்னொரு தடவை பெருக்குவாள். பஸ் டெப்போவில் டயர் மாற்றும் கணவர், அவள் வரும் நேரம் நெருங்கினால் நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி உட்கார்ந்திருப்பார். அவளைக் கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் முதலில் ஓடுகிறவள் அவள்தான். ஓடிப்போய், நோயாளியின் தலையணை உறையையும் நேராக்கிவிட்டுத்தான் வருவாள்.

ஒரு சனிக்கிழமை ஆலையில் மின்சாரம் போய்விட்டது. மதியமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தாள்.

அலமாரிக் கண்ணாடி முன்னால், ஆலையிலிருந்து அவள் கொண்டுவந்து வைத்திருந்த ஸ்டிக்கர் ரோலோடு மகள் நின்றிருந்தாள்; பக்கத்தில் கணவர். முகமெல்லாம் சிவப்பு அம்புகள். கோணல் வகிட்டுக்கு ஒன்று, கன்னத்து மச்சத்துக்கு ஒன்று, மேலுதட்டின் மேல் பல்லைக் காட்டி இரண்டு.

"திங்கட்கிழமை ஸ்கூல்ல போட்டோப்பா. என்னென்ன சரி பண்ணணும்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"பல்லுக்கு மட்டும் ஏன் ரெண்டு?"

"அம்மா ரெண்டு தடவை சொன்னாங்கல்ல, எடுப்பா இருக்குன்னு. சித்தி வந்தப்ப ஒண்ணு, கடையில வெச்சு ஒண்ணு."

அவர் தொப்பையைத் தள்ளிக் காட்டினார். "எனக்கு எங்கடி ஒட்டுவே?"

"உங்களுக்கு ஒரு ரோல் பத்தாதுப்பா!" என்று ஒன்றை எடுத்துத் தொப்பை மேலேயே ஒட்டினாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கும்போது அந்தப் பெண் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இது எப்போது வந்த பழக்கம் என்று தாய்க்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதை அவள் கவனித்திருக்கவேயில்லை.

தோள்பை நழுவிக் கீழே விழுந்தது. இருவரும் திரும்பினார்கள். சிரிப்பு அப்படியே நின்றது. அவர் அவசரமாக ஸ்டிக்கரைப் பிய்த்து முஷ்டிக்குள் மறைத்துக்கொண்டார்.

அவள் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்: "அது கம்பெனி ஸ்டிக்கர். வீணாக்காதீங்க."

சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரிம்மா" என்றாள் மகள். முகத்திலிருந்து ஒவ்வொன்றாக உரித்து, ரோல் காகிதத்தில் வரிசை கலையாமல் திரும்ப ஒட்டினாள். ஒன்றுகூடச் சாயவில்லை.

தாய் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவாமல் நின்றாள். கணவர் வெளியிலிருந்து கதவைத் தட்டினார்.

"சும்மா விளையாட்டுக்குத்தான். மனசுல வெச்சுக்காதே, மன்னிச்சுக்கோ."

"நீங்க ஏங்க மன்னிப்பு கேக்கறீங்க?"

"பழக்கமாயிடுச்சு."

தமாஷாகத்தான் சொன்னார். கதவின் இரண்டு பக்கத்திலும் யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அவள் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "உன் பல்லைப் பத்தி நான் சொன்னது தப்புடி."

"ஆனா எடுப்பாத்தானே இருக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் இருக்கு. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

"அதை நீங்க சொன்னதே இல்லையேம்மா."

குரலில் குறை ஏதுமில்லை. தெரியாத ஒன்றைக் கேட்பது மாதிரிதான் கேட்டாள். தாய்க்குத்தான் கூசியது.

பள்ளிப் படம் வந்தபோது, வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் ஈயென்று இளித்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் உதட்டை ஒட்டவைத்தது போல் மூடியிருந்தாள். "நம்ம பொண்ணு அழகாத்தான் இருக்கா" என்றார் அவர். தாய் தலையை ஆட்டிவிட்டுப் படத்தை அவர் கையிலேயே கொடுத்தாள்.

அவள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. கொடியில் கிடக்கும் துணியைப் பார்த்தால் கை தானாக நீளும். சில நாள் பாதியில் நினைவு வந்து இழுத்துக்கொள்வாள். சில நாள் உதறி, நேராகப் போட்டு முடித்த பிறகுதான் நினைவு வரும்; அப்போது யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பாள்.

பிறகொரு ஞாயிறு காலை, ஆம்லெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டார் கணவர். பாதி சட்டியில் விழுந்தது. பாதி அடுப்பின் மேல் சரிந்து, அவர் சட்டைக் கையிலும் தொங்கியது.

மகள் சிரித்தாள். ரொட்டியை மென்றுகொண்டிருந்த வாயோடு, கை இரண்டும் மேசையில் இருக்க, எடுப்பான பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தாள். காலை வெயில் அவள் முகத்தில் விழுந்திருந்தது. இதில் சரிசெய்ய எதுவுமே இல்லை என்று தாய்க்குத் தோன்றியது.

இன்னும் பார்த்துக்கொண்டே இருக்க ஆசைதான். பார்ப்பது தெரிந்தால் வாயைப் பொத்திக்கொள்வாளோ என்ற பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுப்பில் சிந்திய முட்டையைத் துடைப்பது போல், துணியை வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்று, அந்தச் சிரிப்பு ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.