பெட்டியில் இல்லாத வசனம்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் சபையில் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சு கிளம்பியது நான் இறையியல் படிக்கச் சேர்ந்த பிறகு. அதற்கு முன்னால் இதே வாயை எல்லோரும் சூட்டிகை என்றார்கள்.

வாரத்தில் ஐந்து நாள் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் மென்பொருள் வேலை. சனிக்கிழமை முழுக்கச் சீர்திருத்த இறையியல் வகுப்பு. நான்கு வருடப் படிப்பு. கூடப் படித்தவர்கள் போதகர் ஆகப் போகிற ஆண்கள், பெண் நான் ஒருத்திதான். "இதப் படிச்சு பிரசங்க மேடையிலயா ஏறப் போற?" என்று அத்தை கேட்டாள். ஏறாவிட்டால் என்ன? நான் நம்புவது இன்னதென்று எனக்குத் தெரிய வேண்டாமா? ஆபீஸில் வேறு கிண்டல். கடவுள் எல்லாவற்றையும் முன்குறித்திருக்கிறார் என்ற உபதேசத்தைத் தெரியாத்தனமாகச் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். "அப்போ ஸ்கூட்டர்ல வர்றப்ப ஹெல்மெட் எதுக்குடி?" என்றாள் பக்கத்து சீட்காரி. "ஹெல்மெட்டையும் சேத்துத்தான் குறிச்சிருக்கு, போடி" என்றேன்.

மூன்றாம் வருடம் முடிகிற சமயத்தில் ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெங்களூரில் இன்ஜினியர், வீடு மார்த்தாண்டம் பக்கம். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன் அம்மா ஒரு நிபந்தனை வைத்தார்: கல்யாணத்தோடு இந்தப் படிப்பை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் பேச முடியாதபடி, மூன்று நாள் ஜெபித்து வசன அட்டை எடுத்திருப்பதாகவும் சொல்லி அனுப்பினார். உன் வீடு கட்டப்படும் என்கிற மாதிரி ஏதோ வந்ததாம். ஆகவே இது கர்த்தருடைய சித்தமாம்.

எங்கள் ஆட்கள் வீடுகளில் அந்த வசனப் பெட்டி இருக்கும். உள்ளே சின்னச் சின்ன அட்டைகள், அட்டைக்கு ஒரு வேத வசனம். புது வருட ஆராதனையில் ஆளுக்கொன்று எடுப்போம். அதுதான் அந்த வருடத்து வாக்குத்தத்தம். அதோடு நிறுத்தினார்களா? வீடு வாங்க, வேலை மாற, ஆபரேஷன் செய்ய, எதற்கெடுத்தாலும் பெட்டி. என் அப்பாவுக்குச் சாலை பஜாரில் இரும்புக் கடை. ஒரு கம்பியை நாலு தடவை புரட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். அவரே, "கர்த்தர் பேசின பொறவு நாம என்ன பேச?" என்று அடங்கிப் போனார்.

வகுப்பில் அப்போது படித்துக்கொண்டிருந்ததே இதைத்தான். கடவுளின் மறைவான சித்தம் கடவுளுடையது. நாம் நடக்க வேண்டிய வழி வேதத்தில் வெளிப்படையாக இருக்கிறது. மீதிக்குப் புத்தி கொடுத்திருக்கிறார், யோசித்து முடிவெடுக்க வேண்டும். சீட்டுப் போட்டு அவரை வேவு பார்ப்பது விசுவாசமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா தட்டில் ஏத்தன் வாழைக்காய் வறுவலோடு எங்கள் வீட்டுப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தாள்.

"மக்களே, நீயும் ஜெபிச்சு ஒண்ணு எடு. கர்த்தர் ஒனக்கும் சொல்லுவார், கேட்டியா?" என்றார் பையனின் அம்மா.

நான் பெட்டியை எடுத்து அப்படியே மேசையில் கவிழ்த்தேன்.

"ஆன்ட்டி, இதுல 'வேண்டாம்'னு சொல்ற அட்டை ஒண்ணு எடுத்துக் காட்டுங்க, பாப்போம்."

பாவம், பையன்தான் நிஜமாகவே குனிந்து தேடினான். பத்துக் கட்டளைகளில் பெரும்பாலும் செய்யாதே, செய்யாதே என்றுதான் இருக்கிறது. தீர்க்கதரிசிகள் திட்டாத திட்டு இல்லை. அச்சடித்த புண்ணியவான் அதில் ஒன்றைக்கூடப் பெட்டிக்குள் போடவில்லை. எல்லாம் ஆசீர்வாதம்.

"இல்ல," என்றான் அவன்.

"எப்படி இருக்கும்? மூணு நாள் இல்ல, முப்பது நாள் ஜெபிச்சாலும் இது சரின்னுதான் சொல்லும். எதிர்வீட்டு நாயக் கட்டிக்கவான்னு கேட்டாலும் சரின்னு சொல்லும். படிப்ப விடணும்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். இத நான் சொல்றேன். கர்த்தர இதுல இழுக்க வேண்டாம்."

வறுவலைத் தொடாமலே எழுந்து போனார்கள். "இனி சபையில எப்படித் தலை காட்டுவேன்? இதுதான் படிச்சு கிழிச்சதா?" என்று அப்பா கத்தினார். ஆமாம், இதுதான் என்றேன்.

அடுத்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் தரையில் உட்கார்ந்து, சிதறிய அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் இப்படித்தான் எடுத்தாங்க, மோளே," என்றாள். "டீச்சர் ட்ரெயினிங்குக்கு சீட் கிடைச்ச வருஷம்."

அப்பா அங்கேதான் நின்றார். அம்மா அவரைப் பார்க்கவில்லை.

"கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் யாருக்கும் தெரியாம நானே ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். 'வேண்டாம்'னு ஒண்ணு வரும் வரும்னு."