மாஷியின் பெஞ்சுக் கால்

ஊருக்குப் போனால், "நீ என்னம்மா வேலை பார்க்குற?" என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். மண்ணைக் கொட்டச் சொல்வேன், பிறகு அது அமிழும்வரை காத்திருப்பேன், அவ்வளவுதான். மண் பொறியியலில் முனைவர் பட்டம், அதிலும் நிலம் நடுங்கும்போது மண் என்ன செய்யும் என்பதில் ஆராய்ச்சி. இத்தனையும் வாங்கிக்கொண்டு மதுரையிலிருந்து கல்கத்தா வந்து நான் செய்வது காத்திருப்பது. கரியாஹாட் வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் கணவர், "சும்மா இருக்குறதுக்கு இம்புட்டுப் படிக்கணுமா?" என்று மாதம் ஒருமுறையாவது கேட்காமல் விடமாட்டார்.

இந்த ஊர் மண் அப்படிங்க, நான் என்ன செய்ய? மேலே கொஞ்சம் காய்ந்த பொருக்கு. அதற்குக் கீழே வெகு ஆழத்துக்குச் சாம்பல் நிறத்தில் குழைந்த களி. அதன் தலையில் ஒரே நாளில் கரையை எழுப்பினால் களி பக்கவாட்டில் பிதுங்கும், கரையும் சேர்ந்து சரியும். அதனால் ஓர் அடுக்கு மண்ணைப் போட்டுவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். பாரத்தில் களியிலுள்ள தண்ணீர் வடிந்து, களி அமிழ்ந்து இறுகும். இறுகிய பிறகு அடுத்த அடுக்கு. திரித்த பாலைத் துணியில் கட்டி, மேலே பாரம் வைத்து இங்கே சானா எடுக்கிறார்களே, அதே வேலைதான். என் வேலையில் ரசகுல்லா கிடைக்காது.

துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் கால்வாயைத் தாண்ட ஒரு பாலம். அதில் லாரிகள் ஏறுவதற்கான மண்கரை என் பொறுப்பு. கரையின் ஓரத்தில் ஒரு பழைய பம்ப் ஹவுஸ் இருந்தது. அதன் சுவரில் சாய்ந்தாற்போல் ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் குளம். வரிசையின் முதல் வீடு டீக்கடைக்கார அம்மாவுடையது. எல்லோருக்கும் அவர் மாஷி, வங்காளத்துச் சின்னம்மா. எனக்கும் அப்படித்தான். அவருக்கு நான் 'இஞ்சினியர் தீதி'. அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்பார். அது மரியாதையா கிண்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வங்காளத்தில் சொன்னதையெல்லாம் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

கரை எவ்வளவு அமிழ்கிறது என்று அளக்க, அசையாத ஒரு இடம் வேண்டும். அங்கே ஒரு குறி போட்டுக்கொண்டு, அதிலிருந்து கரையின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். பம்ப் ஹவுஸ் மேடையில் சிவப்புப் பெயின்ட்டால் அந்தக் குறியைப் போட்டவள் நான்தான். பழைய கட்டடம், இத்தனை வருஷமாக நிற்கிறது, அசையாது என்று குறிப்பேட்டில் காரணம் எழுதினேன். உண்மையான காரணம் வேறு. அங்கே நிழல் இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் டீ இருந்தது.

குளிர்காலத்தில் முதல் அடுக்கைக் கொட்டினோம். கரை முதலில் மளமளவென்று அமிழ்ந்தது, பிறகு மெதுவாக, மழைக்காலம் வந்தபோது அடியோடு நின்றது. எனக்கு ஒரே பெருமை. "அமிழ்வு முடிந்தது, இரண்டாம் அடுக்கைக் கொட்டலாம்" என்று கடிதம் அடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கூட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் மாஷியின் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தலை சுற்றியது. காலையில் சாப்பிடாமல் வந்ததன் வினை என்று நினைத்தேன். மாஷி என்னைப் பார்க்கக்கூட இல்லை. "பூமிகொம்போ!" என்று ஒரு கத்தல், சாமி படத்துக்கு முன்னாலிருந்த சங்கை எடுத்து ஊத ஆரம்பித்துவிட்டார். அடுத்த நொடி வரிசையில் எல்லா வீட்டிலிருந்தும் சங்கு, குலவை. பூமி ஆடினால் இங்கே அதுதான் வழக்கம். குளத்துத் தண்ணீர் படிக்கட்டில் ஏறி இறங்கியது. நிலநடுக்கத்தில் முனைவர் பட்டம் வாங்கிய நான் மட்டும் என்ன நடக்கிறது என்று தெரியாமல், மட்டம் பார்க்கும் லெவல் கருவியின் முக்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டம் நின்றதும் மாஷி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்த முக்காலி உங்களைப் பிடிச்சிருக்கணும் தீதி, நீங்க அதைப் பிடிச்சிருக்கீங்க!"

மானம் போனது போகட்டும் என்று உடனே மட்டம் பார்த்தேன். நேற்று இருந்த கணக்கே இன்றும், இம்மியும் மாறவில்லை. "பாத்தீங்களா மாஷி, பூமியே ஆடிச்சு, என் கரை அசையல," என்றேன்.

மாஷி சிரிப்பதை நிறுத்தினார். "அப்ப என் வீட்டுக்கு ஒண்ணும் வராதே?"

"வராது. அடுத்த வாரமே மேல மண்ணு கொட்டப் போறாங்க. தைரியமா இருங்க," என்று பையிலிருந்த கடிதத்தை எடுத்துக் காட்டினேன்.

"எல்லாம் அப்படியே இருக்குன்னா இந்தப் பெஞ்சு மட்டும் ஏன் சாயுது?"

இது பழைய பாட்டு. "எத்தனை வாட்டி சொல்றது? ஒரு பக்கம் காலு தேஞ்சுபோச்சு. ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்க," என்றேன்.

மாஷிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எந்தக் காலு தேஞ்சிருக்குன்னு குனிஞ்சு பாத்துட்டுப் பேசுங்க!"

குனிந்தேன். நான்கு காலும் ஒரே உயரம். ஒரு பக்கத்து இரண்டு கால்களுக்கு அடியில் மட்டும் மூன்று மூன்று ஓட்டுத் துண்டுகள் அடுக்கியிருந்தன. மாஷி விரல் விட்டு எண்ணினார். "தை மாசம் சரஸ்வதி பூஜைக்கு ஒண்ணு, சித்திரையில நம்ம வருஷப் பிறப்புக்கு ஒண்ணு, ஆனியில ரத யாத்திரைக்கு ஒண்ணு. நல்ல நாள்ல நாலு பேர் வந்து உக்காருவாங்களேன்னு சரி பண்ணுவேன். மறுபடியும் சாயும். இப்பவும் சாஞ்சுதான் இருக்கு." என் டீக் கிளாசைப் பெஞ்சில் வைத்துக் காட்டினார். டீ ஒரு பக்கம் விளிம்பை ஒட்டியும் மறுபக்கம் இறங்கியும் நின்றது.

ஓட்டுத் துண்டு வைத்த கால்கள் நின்றது பம்ப் ஹவுஸ் மேடையில், என் சிவப்புக் குறிக்கு ஒரு சாண் தள்ளி. மற்ற இரண்டு கால்களும் ஒரு பழைய கிரேனுக்காகப் போட்ட கான்கிரீட் திட்டில். அந்தத் திட்டைத் தாங்கும் தூண்கள் களியைத் தாண்டிக் கெட்டி மண்வரை இறங்கியவை. அது அசையாது. அப்படியானால் அசைந்தது எது?

என் குறி இருந்த மேடைதான். கரை தன் பாரத்தால் பம்ப் ஹவுஸையும் கூடவே கீழே இழுத்துக்கொண்டிருந்தது. நான் அதில் குறி போட்டு அளந்துகொண்டிருந்தேன். ஓடுகிற ரயிலில் உட்கார்ந்துகொண்டு, எதிர் சீட்டுக்காரர் நகரவே இல்லை என்று எழுதிக்கொடுத்த கதைதான். முதல் நாள் வரைபடத்தில் கிரேன் திட்டின் மட்டமும் இருந்தது, நல்லவேளை. அங்கிருந்து மறுபடி பார்த்தேன். என் குறி மூன்று ஓட்டுத் துண்டு உயரத்துக்குமேல் இறங்கியிருந்தது. கரை நிற்கவே இல்லை, இன்னும் போய்க்கொண்டிருந்தது. களி இறுகவில்லை. திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டிருந்தால், இறுகாத களியின் தலையில் இரண்டாம் அடுக்கு விழுந்திருக்கும். சரிந்தால் சரிவது குளத்துப் பக்கம். முதலில் போவது மாஷியின் வீடு.

அன்று எனக்கு வந்தது பயம். வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது, வந்தது போகவே இல்லை. ஏழு மாதமாக அதே பெஞ்சில் உட்கார்ந்து ஆசாரிக்குச் சிபாரிசு செய்துகொண்டிருந்திருக்கிறேன்!

"என்ன தீதி, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றார் மாஷி.

"நான் சொன்னது தப்பு மாஷி. மண்ணு கொட்ட விடமாட்டேன்."

கூட்டத்தில் எழுந்து நின்று, ஏழு மாத அளவுகளும் தப்பு, குறி போட்ட இடமே அமிழ்கிறது என்று சொன்னேன். யார் கண்டுபிடித்தது என்று பெரிய அதிகாரி கேட்டார். டீக்கடை மாஷி என்றேன். மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. பெஞ்சுக் கால் கதையை முழுக்கச் சொன்னதும் சிரிப்பு அடங்கியது. கரையின் உச்சியில் கொஞ்சம் வெட்டி எடுப்பது, குளத்துப் பக்கம் சரியாமலிருக்க அடிவாரத்தில் அணைத்தாற்போல் மண் போடுவது, பிறகு காத்திருப்பது என்று முடிவாயிற்று. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருக்கணுமா?" என்றார் கணவர். "ஆமாங்க, இந்தத் தடவை ஒழுங்கா சும்மா இருக்கப் போறேன்," என்றேன்.

துர்கா பூஜைக்கு முன்னால் பெஞ்சு மறுபடி கொஞ்சம் சாய்ந்தது. ஓட்டுத் துண்டு வைக்கும் அளவுக்கு இல்லை. மாஷி என் பையைப் பார்த்தார். "அன்னைக்கு ஒரு காகிதம் வச்சிருந்தீங்களே, இருக்கா?"

கையெழுத்துப் போடாத கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அதை இரண்டாகக் கிழித்து, மடித்து, பால் பாக்கெட் உறையில் சுற்றி, இரண்டு கால்களுக்கும் அடியில் செருகினார். டீ நேராக நின்றது. "இப்பத்தான் உங்க காகிதம் ஒரு வேலை செய்யுது," என்றார். எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

காளி பூஜை போயிற்று. சரஸ்வதி பூஜையும் போயிற்று. வருஷப் பிறப்புக்கு முதல் நாள் புதுக் கடிதத்தோடு கடைக்குப் போனேன். மாஷி ஒரு கிளாஸ் டீயைப் பெஞ்சின் நடுவில் வைத்துவிட்டு, குனிந்து, கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த வாட்டி ஒண்ணும் வைக்க வேணாம்," என்றார்.

கிரேன் திட்டிலிருந்து நானும் மட்டம் பார்த்தேன். கருவியும் அதையே சொன்னது. அந்தப் பெஞ்சிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.