வினைமுற்று வராத கூட்டம்

தமிழ் வாக்கியம் வினையைக் கடைசியில் வைத்திருப்பதே தமிழனின் அடக்கத்துக்குச் சான்று என்று மலேசியாவின் ஈப்போவில் ஓர் இலக்கியக் கூடுகையில் ஒருவர் முழங்கினார். கைதட்டினார்கள். ஜப்பானியனும் துருக்கியனும்கூட வினையைக் கடைசியில்தான் வைக்கிறார்கள்; அவர்களுடைய அடக்கத்துக்கு இவர் எந்த மண்டபத்தில் விழா எடுக்கப்போகிறார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பின்வரிசையில் வடை ஆறிக்கொண்டிருந்தது. பேச்சாளரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொழியைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பல் கூசும். நான் மொழிபெயர்த்துப் பிழைப்பவன். மருந்துச் சீட்டு, அறிவிப்புப் பலகை, தண்ணீர் வெட்டு, நாய்க்கு உரிமம் என்று எது வந்தாலும் தமிழாக்குவேன். ஒரு மொழியின் வயிற்றுக்குள் கையை விட்டு அடுத்த மொழிக்கு எதையாவது இழுத்துப் போடுகிறவனுக்கு அங்கே தெய்வம் எதுவும் தட்டுப்படாது. ஒழுங்கு தட்டுப்படும். சில சமயம் ஒழுங்கின்மை. அநேகமாகச் சோம்பேறித்தனம்.

மலாய் வாக்கியம் நேராக நடக்கும். யார், என்ன செய்தார், எதை என்று வரிசை. வர்ணனையெல்லாம் பெயருக்குப் பின்னால், வால்போல. நமக்கு எல்லாமே தலைகீழ். வர்ணனை முன்னால் வரிசை கட்டி நிற்கும், பெயர் பிறகு வரும், வினை கதவைப் பூட்டிக்கொண்டு கடைசியில் வரும். ஈப்போக் கடைத்தெருவின் சீனமான கந்தோனீசில் ‘நான்’, ‘நீ’, ‘அவன்’ எதுவும் வினையில் ஒட்டாது. “சேக் சோ ஃபான் மேய்?” என்று காப்பிக்கடைக்காரர் என்னைக் கேட்பார். உண்டது முடிந்ததா, சோறு, இன்னும் இல்லையா. அவ்வளவுதான். ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா என்ற கவலை அந்த வினைக்குக் கிடையாது. நமது வினை அப்படியா? வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. வாலைப் பார்த்தாலே யாருக்கு நாற்காலி, யாருக்குத் தரை என்று தெரிந்துவிடும். இதைத்தான் அடக்கம் என்கிறார்கள்.

என் அடுக்குமாடியில் அதே தளத்தில் ஓர் அக்கா இருக்கிறார். ஹோட்டல் ஒன்றில் படுக்கைவிரிப்புகள் துவைக்கும் பிரிவில் வேலை. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் லகாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. செம்பனையும் போய் இப்போது வீடுகள் எழும்புகின்றன. தோட்டத்தில் மிச்சம் இருந்தவை இரண்டு. பிள்ளைகளைப் பகலில் விட்டுவைக்கும் பழைய ஆயாக்கொட்டகை, அப்புறம் இடுகாடு. அந்த இடுகாட்டில்தான் அக்காவின் கணவர் இருக்கிறார். தீபாவளிக்கு முந்தின நாள் அக்கா சோறும் கறியும் ஒரு சிகரெட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் படைத்துவிட்டு வருவார்.

வீடமைப்பு நிறுவனம் அந்தக் கல்லறைகளை வேறிடத்துக்கு மாற்றப்போவதாக ஒரு பலகை நட்டது. அக்கா என் வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, ஞாயித்துக்கெழம கொட்டாயில மீட்டிங்காம். மேனேஜர் வருதாம். நீ வா லா.”

“உங்களுக்குத்தான் மலாய் நல்லா வருமே, அக்கா.”

“மார்க்கெட்டு மலாய் வரும். ஆபீஸ் மலாய் வராது. அதுல யாரு என்ன செய்யறான்னே தெரிய மாட்டேங்குது.”

மொழியியல் படித்தவர்கள் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அலுவலக மலாயின் நோயை அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டார். அந்தப் பலகையில் கல்லறைகள் அகற்றப்படும், நிலம் சமப்படுத்தப்படும், நாள் தெரிவிக்கப்படும். எல்லாம் தானாகவே நடக்கும். ஒரு வினைக்கும் ஆள் கிடையாது. கூசாமல் அதைத் தமிழில் ‘படும், படும், படும்’ என்று அடித்துத் தருகிறவர்கள் என்னைப்போல் ஊருக்குப் பத்துப்பேர்.

“மாத்த வேணாம்னு சொல்லணுமா அக்கா?”

“மாத்தட்டும். ரோட்டுக்கு நடுவுல அவரு மட்டும் படுத்துக்கெடந்து என்ன பண்ணப்போறாரு?” சேலைத்தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். “அவரு போன அன்னைக்கு நான் பக்கத்துல இல்ல. வேலைல இருந்தேன். தோண்டுற அன்னைக்காவது நிக்கணும். என்னைக்குன்னு முன்னாடியே சொல்லச் சொல்லு. வேற ஒன்னும் வேணாம் எனக்கு.”

ஒரே ஒரு வாக்கியம். எந்த மொழியிலும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

ஆனால் அதைச் சொல்லும் உரிமை தலைவருடையதாம். முன்னாள் தோட்டவாசிகளின் குழுவுக்குத் தலைவர். தோட்டத்தைவிட்டு எல்லோருக்கும் முன்னால் வெளியேறியவரும் அவர்தான். ஆயுள் காப்புறுதி விற்கிறார். சட்டைப்பையில் இரண்டு பேனா. ஞாயிறன்று கொட்டகையில், மேலாளர் வருவதற்குள் அவரை ஓரமாக இழுத்து அக்காவின் கோரிக்கையைச் சொன்னேன்.

“தெரியும் தம்பி. அது எங்கிட்டயும் சொல்லிச்சு.”

அக்கா அவருக்கு ‘அது’. இன்னும் கொஞ்ச நேரத்தில் மேடையேறி, அதே வாயால், ‘தாய்க்குலம்’ என்று சொல்லப்போகிறவர்.

“மொதல்ல அதச் சொல்லிடுங்கண்ணே. மேனேஜருக்கு அரை மணி நேரந்தான் இருக்காம்.”

“வந்தவங்களுக்கு மொதல்ல மரியாதை லா. கேக்கறது எல்லாம் கடைசில. எடுத்த எடுப்புலயே கேட்டா நம்மள என்னான்னு நெனைப்பாங்க?”

மேலாளர் வந்தார். முப்பது வயதிருக்கும் சீனப்பெண். பாதுகாப்புத் தொப்பி அழுத்திய கோடு தலைமுடியில் இன்னும் இருந்தது, காலணியில் செம்மண். கைப்பேசியில் யாரையோ கந்தோனீசில் அதட்டிவிட்டு, மலாயில் எங்களுக்கு வணக்கம் சொல்லி உட்கார்ந்தார். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். நாங்கள் ஒரு லாரியில் ஏற்றிவிடக்கூடிய கூட்டம். கொட்டகையோ ஒருவர் இருமினால் எல்லோருக்கும் கேட்கிற அளவு. ஆனாலும் ஒலிவாங்கி.

“இந்த இனிய மாலைப்பொழுதிலே,” என்றார். காலை பத்தரை மணி.

“எண்ணற்ற பணிகளுக்கு இடையிலும், கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாமல், எங்கள் எளிய அழைப்பை ஏற்று, ஏழை எளிய மக்களாகிய எங்கள்பால் கொண்ட பரிவினால், இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கொட்டகைக்கு வருகை புரிந்து, எம்மையெல்லாம் பெருமைப்படுத்தியிருக்கின்ற…”

நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். மலாயில் பெயரைச் சொன்னால்தான் வர்ணனை தொடங்கும். தலைவரோ வர்ணனைகளை ஒவ்வொரு பெட்டியாகக் கோத்துக்கொண்டே போகிறார். எஞ்சின் எங்கே என்று தெரியவில்லை. இந்தப் பரிவும் வெயிலும் யாரைப் பற்றியவை என்று தெரியாமல் நான் எதைத் தூக்கி எங்கே வைப்பது?

மேலாளர் என் பக்கம் சாய்ந்தார். என்ன சொல்கிறார் என்று மலாயில் கேட்டார்.

“பெலும்,” என்றேன். இன்னும் இல்லை.

“இவ்வளவு நேரமாகப் பேசுகிறாரே?”

“ஆமாம். இன்னும் தொடங்கவில்லை.”

அதற்குள் தலைவர் முன்வரிசையில் இருந்தவர்களை விளிக்கத் தொடங்கியிருந்தார். துணைத்தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, கோயில் பொறுப்பாளர் அவர்களே, ஒலிபெருக்கி உதவி செய்த அன்பு நெஞ்சம் அவர்களே. இந்த ‘அவர்களே’யை மலாயில் போட்டால் அஞ்சலி செலுத்துவதுபோல் இருக்கும், விட்டுவிட்டேன். தாய்க்குலமும் வந்தது. தாய்க்குலம் கடைசி வரிசையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், கைப்பையை மடியில் இறுக்கி உட்கார்ந்திருந்தது. தலைவர் வாயசையும்போதெல்லாம் அக்காவின் உதடும் சேர்ந்து லேசாக அசைந்தது. தன் வாக்கியம் எப்போது வரும் என்று காத்திருந்தார்.

வரவில்லை. பொன்னாடை வந்தது. ரோஜாவும் ஜரிகையும் சேர்த்துக் கட்டிய மாலை வந்தது. கோபெங் சாலைப் பூக்கடையிலிருந்து வாங்கியதாம். அதையும் ஒலிவாங்கியில் சொன்னார். துணைத்தலைவர் மாலையைப் பிடிக்க, தலைவர் பொன்னாடையைப் போர்த்த, படம் எடுக்கிறவர் இன்னொரு முறை, இன்னொரு முறை என்று மூன்று தடவை போர்த்த வைத்தார். உலகத்தில் வேறெந்த இனமாவது தன் பிணங்களைத் தோண்ட வருகிறவருக்கு மாலை போடுமா, எனக்குத் தெரியாது. நாங்கள் போடுவோம். பதவியில் ஒரு கழுத்து கிடைத்தால் போதும், கை தானாகவே மாலைக்கு நீளும்.

மேலாளர் சிரித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நன்றி, உங்கள் ஒத்துழைப்புக்கு மிகவும் நன்றி என்று மலாயில் சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். நான் தலைவரைப் பார்த்தேன்.

“அண்ணே, அக்கா விசயம்?”

“நன்றியுரைல வெச்சிருந்தேன் தம்பி. அதுக்குள்ள எழுந்திருச்சிட்டாங்களே. பரவால்ல, லெட்டர்ல போட்டுக்கலாம். கூட்டம் எப்படி?”

அக்கா அவரைக் கடந்து போய்விட்டிருந்தார். வெயிலில், செருப்பு புழுதியை வாரி அடிக்க, காருக்கு ஓடினார். நானும் ஓடினேன்.

மேலாளர் கண்ணாடியை இறக்கினார். மாலை இன்னும் கழுத்தில் இருந்தது. கல்லறை விஷயம் இன்னும் முடியவில்லை என்று நான் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. அதில் கோபமில்லை, உண்மையான குழப்பம்தான்.

“உங்கள் தலைவர் எனக்கு மாலை போட்டாரே. எல்லோரும் கைதட்டினார்களே. எல்லாவற்றுக்கும் சம்மதம், யாருக்கும் எந்தக் கேள்வியும் இல்லை என்றல்லவா நினைத்தேன்? அப்படித்தான் அலுவலகத்துக்கும் இப்போது சொல்லிவிட்டேன்.”

அதைத் தமிழில் அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

“மாலை போட்டது அவரு. நான் போடல. சொல்லு.”

சொன்னேன். மலாயில் சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது. மேலாளர் அக்காவைப் பார்த்தார். பிறகு மாலையைத் தலைவழியாகக் கழற்றிப் பின் இருக்கையில் வைத்தார். பொன்னாடையையும் எடுத்து மடித்து அதன்மேல் வைத்தார். கழுத்தில் ஜரிகை உரசிச் சிவந்திருந்தது.

“சரி, ஆன்ட்டி. உங்களுக்கு என்ன வேண்டும்?”

நான் மொழிபெயர்க்க வாயெடுக்குமுன் அக்கா மார்க்கெட் மலாயில் இறங்கிவிட்டார். என் புருசன், அங்கே, கொடி மாதிரி சிவப்புத் துணி கட்டின இடம். தோண்டு, பரவாயில்லை. எந்த நாள், சொல்லு. நான் வருவேன். நான் இல்லாமல் வேண்டாம். ஒட்டும் இல்லை, இணைப்பும் இல்லை. சொற்களைத் தட்டில் வைப்பதுபோல் ஒவ்வொன்றாய் வைத்தார். பாதியில் அந்த மலாய் தீர்ந்துபோனது. அங்கேதான் நான் பயன்பட்டேன்: அவர் இறந்த அன்று இவர் பக்கத்தில் இல்லை என்பதை நான் சொன்னேன்.

நாள் முடிவானதும் தெரிவிக்கப்படும் என்றார் மேலாளர், பழக்கத்தில்.

“யாரு தெரிவிப்பா?” என்றார் அக்கா.

கேட்டேன். மேலாளர் சாவியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

“நான்,” என்றார். அக்காவின் எண்ணைத் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டார்.

நான் நம்பவில்லை. ‘சொல்கிறேன்’ என்று சொல்லிப் போனவர்களைக் கொண்டு ஈப்போவிலிருந்து கோலா கங்சார்வரை மனிதச் சங்கிலி கட்டலாம். அடுத்த வாரமே நிறுவனத்தின் விளம்பரப் பலகையில் அந்தப் படம் வந்தது. தலைவர் பொன்னாடை போர்த்துகிறார், கீழே குடியிருப்பாளர்களின் முழு ஆதரவுடன் என்று மலாயில். யார் ஆதரித்தார் என்று அதிலும் ஆளில்லை. தலைவர் அதைப் படம்பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவைத்தார், கும்பிடுகிற கைகளோடு.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அக்கா கதவைத் தட்டினார். தட்டிய விதத்திலேயே சேதி வந்துவிட்டது என்று தெரிந்தது.

“கூப்பிட்டுச்சு தம்பி. அந்தப் பொண்ணு. நாளைக்குக் காலைல. எட்டு மணி. கார் எடுப்பியா?”

“எடுக்கறேன் அக்கா. வேற என்ன சொன்னாங்க?”

“அவங்க வழக்கத்துல, எலும்ப எடுத்துட்டுப் போறப்ப பாலம் வந்தா செத்தவங்ககிட்ட சொல்லணுமாம். இல்லாட்டி அந்தப் பக்கமே நின்னுடுவாங்களாம். உங்காளுக்கும் சொல்லிடு ஆன்ட்டின்னுச்சு. நம்மள்ல அப்படி இல்லியேன்னேன். சொன்னா என்ன, காசா பணமான்னுச்சு.”

மறுநாள் தோண்டியவர்கள் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். அவர்களுக்கு எங்கள் மொழிகளில் ‘மெதுவா’ என்ற சொல்கூடத் தெரியாது. அக்கா குழியின் ஓரத்தில் குந்தி, உள்ளங்கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். அவர்கள் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் அள்ளினார்கள். ஒவ்வொன்றாக வாங்கி, பால் தெளித்து, வெள்ளைத் துணி விரித்த புதுப்பானைக்குள் அக்காவே வைத்தார். அழவில்லை. ஒருமுறை மட்டும், நீளமான ஓர் எலும்பைப் பிடித்துக்கொண்டு, “நல்ல உசரம் தம்பி அவரு,” என்றார். நிறுவனத்தின் வேன் நின்றிருந்தது. அதில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

புது இடம் தஞ்சோங் ரம்புத்தான் போகிற பாதையில். அக்கா முன்னிருக்கையில், பானை மடியில், இருக்கைப்பட்டை இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. லகாட்டைத் தாண்டியதும் பேச ஆரம்பித்தார், பானையிடம்.

“இந்தாங்க, லகாட்ட தாண்டிட்டோம். இப்ப டவுனுக்குள்ள போறோம். தம்பி கார்தான். தஞ்சோங் ரம்புத்தான் பக்கம்னதும் பயந்துடாதீங்க, பைத்தியக்கார ஆசுபத்திரிக்கு இல்ல. அதுக்கு இந்தப் பக்கமே எடம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தார்.

கிந்தா ஆற்றுப் பாலம் தெரிந்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன். அக்கா பானையின் வாயில் கட்டியிருந்த துணியை லேசாக விலக்கினார்.

“பாலம் வருதுங்க. ஆறு. தண்ணி அதிகமில்ல. ஏறிட்டோம்.” குனிந்து காத்திருந்தார். “வாங்க, வாங்க. பாதி வந்துட்டோம்.”

நான் இன்னும் மெதுவாகப் போனேன். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். அக்கா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, தோட்டத்துத் தமிழில் அவன் பரம்பரையையே இழுத்து ஒரு வசவு விட்டார். பிறகு தலையை உள்ளே இழுத்து மடியைப் பார்த்தார்.

“உங்கள இல்லங்க,” என்றார்.