மேற்குச் சுவரில் ஒரு வழி

வில்லங்கச் சான்று பார்த்தேன், மூலப் பத்திரம் பார்த்தேன், பட்டா பார்த்தேன். மூன்று குடும்பங்களின் கை மாறி அந்த வீடு என்னிடம் வந்திருந்தது. ஏன் கை மாறியது என்று எந்தப் பத்திரமும் சொல்வதில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் அழுத்திய பெருவிரல் ரேகைகள் மட்டும் சுழி சுழியாக, ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதுபோல இருக்கும்.

கரையான்சாவடி மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் நாலாபுறமும் அடுக்குமாடிகள். நடுவில் இது ஒன்றுதான் தரையோடு ஒட்டிக் கிடந்தது. நான் வாடகை வீடுகளில் அலைந்து அலைந்து கால் ஓய்ந்தவள். வாங்கினேன். ஒரு வருடம் போனது. மதுரையில் அம்மா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். தம்பிக்கு வெளிநாட்டு வேலை. அம்மா என்னிடம்தான் வந்தாக வேண்டும், இனி எழுந்து நடப்பாளா என்று சொல்ல முடியாது என்றார்கள்.

கட்டில் போட இடமிருந்தது பின்னறையில் மட்டும். அந்த அறை பகலிலேயே கிணறு. அதில் அவளைக் கிடத்திவிட்டு நான் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத முடியாது.

அதன் மேற்குச் சுவரில், முழங்கால் உயரத்தில் தொடங்கி ஆள் உயரத்துக்கு, ஒரு சதுரத்தில் மட்டும் பெயிண்ட் நிற்காது. எத்தனை முறை அடித்தாலும் உரியும். சித்திரை வெயிலிலும் அந்த இடம் கையில் ஜில்லென்று ஒட்டும். பழைய ஜன்னல், யாரோ மூடியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். கொத்தனாரை அழைத்து, “இந்த ஜன்னலத் திறந்து விட்ருங்க” என்றேன்.

உச்சி வெயில். நாலு அடி அடித்தவர் நிறுத்தினார்.

“யக்கா, இது ஜன்னல் இல்ல.”

“பின்னே?”

“ஜன்னல்னா மேல கல்லு, பலகை எதுனா வெச்சிருப்பான். இங்க ஒண்ணுமே கெடையாது. சும்மா ஒட்ச்சிக்கிறான், சும்மா அடைச்சிக்கிறான். அதுவும் ஒரு வாட்டி இல்ல.”

குனிந்து பார்த்தேன். சுற்றுச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பில் கட்டிய சன்னமான பழைய செங்கல். காரை உதிர்ந்த சதுரத்தின் ஓரத்தை ஒட்டி அதே பழைய கல், ஆனால் அவசரத்தில் அடுக்கியது. அதற்குள்ளே பிற்காலத்துச் சேம்பர் செங்கல். நடுவில் சாம்பல் நிற சிமெண்ட் பிளாக். ஒரு வாய்க்குள் இன்னொரு வாய், அதற்குள் இன்னொன்று. ஒவ்வொரு கையிலும் இந்த வீடு ஒருமுறை உடைந்து மூடியிருக்கிறது.

தெரு முனையில் மாவு மில் வைத்திருக்கும் பெண்ணின் குடும்பம்தான் வீட்டைக் கட்டியது, பத்திரத்தில் முதல் பெயர் அவளுடைய அப்பா. அதனால் அவளிடம் ஓடினேன். புருவமெல்லாம் மாவு படிந்து, மிஷினை நிறுத்தாமலே பேசினாள்.

“இன்னாது, தொறந்துட்டியா? ஊடு வாங்கசொல்ல யாரும் சொல்லலியா உனுக்கு?”

“என்ன சொல்லணும்?”

“ஆகாத நட்சத்திரத்துல உசுரு போனா அடைப்பு. வாசல் வழியா எட்த்துகினு போகக் கூடாது. செவுத்த ஒட்ச்சி அப்டிக்கா எட்த்துகினு போயி, அன்னிக்கே அடைச்சிருவாங்க. போனது திரும்பி வந்தா வழி தெரியக் கூடாதுல்ல? எங்க அப்பாவ அப்டிதான் எட்த்துகினு போனாங்க. எங்க கிட்ட வாங்குனவன் பொஞ்சாதி அப்டி. அப்பால வந்தவரும் அப்டி. அந்த ஊட்டுல சாவுறவன்லாம் நாள் பாத்து சாவுறான்.” சிரித்தாள். பிறகு மிஷினை நிறுத்தினாள். “சாவு வுழாம தொறந்தவ நீ ஒருத்திதாம்மா.”

திரும்பி வந்தபோது அடைப்பு முழுக்க உடைந்து, அறையில் வெயில் ஆள் நீளத்துக்குப் படுத்திருந்தது. கேட்டு வந்ததைச் சொன்னேன். கொத்தனார் அந்த வெயிலை மிதிக்காமல் சுற்றிப் போனார். “இன்னிக்கே அடைச்சிர்றேங்க்கா.” நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அடைத்தால் அம்மாவுக்கு இருட்டு. அடைக்காவிட்டால் என்ன என்பதை முழு வாக்கியமாக எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை. மறைப்பாகத் தொங்கவிட்ட சேலை காற்றே இல்லாமல் உள்பக்கமாக உப்பியது.

மறுநாள் காலை மதுரையிலிருந்து ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. இடுப்பில் பிளேட், அம்மாவை வளைக்கக் கூடாது. வாசலைத் தாண்டியதும் நடை சட்டென்று திரும்புகிறது. ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. டிரைவரும் உதவியாளும் இரண்டு முறை சாய்த்துப் பார்த்தார்கள், அவள் அலறினாள். டிரைவர் வீட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“என்னக்கா, பின்னாடி இம்புட்டுப் பெரிய வழி கெடக்கு, இங்க போட்டு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கோம்?”

பதில் கேட்க வந்திருந்த கொத்தனார் என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா வெயிலில் கிடந்தாள், வலியில் அவள் உதடு வெளுத்துவிட்டது.

“தலை முன்னால வரட்டும்” என்றேன். போனவர்கள் எப்படிப் போனார்களோ, வருகிறவள் முகத்தோடு வரட்டும் என்று தோன்றியது.

சேலையை விலக்கினோம். நானும் கொத்தனாரும் உள்ளே நின்று கை நீட்டினோம். உடைந்த கற்களுக்கு நடுவே, ஓரம் உரசாமல், அம்மாவின் நரைத்த தலை உள்ளே வந்தது. அந்த வழியாக உள்ளே வந்த முதல் ஆள். குளிர்ந்த காற்று ஒன்று என் தோளை ஒட்டிக் கடந்து வெளியே போனதா, உள்ளே வந்ததா, தெரியவில்லை.

கட்டிலில் கிடத்தியதும் அம்மா அறையைச் சுற்றி நிதானமாகப் பார்த்தாள். அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

“வெளிச்சமா இருக்குத்தா” என்றாள். பிறகு, “வழி விட்டு ஒதுங்கி நின்னாகளே, அவுகளுக்கு ஒரு வாய்க் காப்பி குடுத்து அனுப்பு.”

டிரைவரும் உதவியாளும் வண்டிக்குப் போய்விட்டிருந்தார்கள். கொத்தனாரும் நானும் ஒதுங்கி நிற்கவில்லை, சுமந்துதான் நின்றோம்.

அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தேன். எத்தனை டம்ளர் என்று அவளிடம் கேட்கவில்லை.