சர்க்கரை என்கிற போராளி

எங்கள் கெரென் ஊரில் அல்கானெஷின் வாய்க்குப் பயப்படாத லாரிக்காரன் கிடையாது. பஞ்சர் கடை அவளுடையது. எரித்திரிய விடுதலைப் போரில் துப்பாக்கி தூக்கியவள். வருடாவருடம் தியாகிகள் நாளன்று என் வகுப்புக்கு வந்து போர்க்கதை சொல்வாள். போர்க்கதை என்று பேர்தான். சொல்வதெல்லாம் ஷிகோர் கதை.

ஷிகோர் என்றால் சர்க்கரை. களத்தில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை, அடுத்தவரிடம் கேட்பதுமில்லை. எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். இந்த ஆள் தேநீருக்கு வைத்திருந்த சர்க்கரையைத் திருடி, தளபதியின் படுக்கைச் சுருளுக்குள்ளேயே ஒளித்துவைத்தானாம். எறும்பு கடித்துத் தளபதி ஆடிய ஆட்டத்தை அல்கானெஷ் ஆடியே காட்டுவாள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கதை அதோடு சரி. அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால், வாத்தியாருக்கு எல்லாவற்றுக்கும் முடிவு வேண்டும் என்று என் வாயை அடைத்துவிடுவாள். அதற்காகவே அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த வருடம் என் மாணவி வின்தா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"அத்தை, அவருக்கு இடது காது பாதிதான் இருக்குமா? கழுதை கடிச்சது?"

அல்கானெஷ் ஆட்டத்தின் நடுவில் நின்றுபோனாள். அந்தக் காதைப் பற்றி அவள் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வின்தாவின் மாமா போருக்குப் போனவர். சின்ன வயதில் அவர் வீட்டுச் சர்க்கரையைத் திருடியதையும், கழுதை காதைக் கடித்ததையும் அம்மா சொல்லி வின்தா கேட்டிருக்கிறாள். இறந்துவிட்டார் என்ற செய்தி மட்டும் வந்தது. எங்கே, எப்படி என்று சொல்ல ஆளில்லை. அவள் அம்மா தெர்ஹாஸ், ஊர் திரும்பிய போராளிகளிடமெல்லாம் தம்பியின் பெயரைச் சொல்லி விசாரித்தாள். அல்கானெஷிடமும்தான் கேட்டாள். அப்படியொரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்று அல்கானெஷும் சொல்லியிருந்தாள்.

அன்று மத்தியானமே மூவருமாகத் தெர்ஹாஸ் வீட்டுக்குப் போனோம். அவள் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். அல்கானெஷ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கதையின் மிச்சத்தை முதன்முதலாகச் சொன்னாள். மலைமேல் விழுந்த குண்டு, தன் மடியில் அவன் தலை, தானே தோண்டிய குழி, பக்கத்தில் ஒரு காட்டு ஒலிவ மரம்.

"கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த இடத்துக்குப் போயிடுவேன், அக்கா. உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

தெர்ஹாஸ் வறுப்பதை நிறுத்தவில்லை.

"மண்ணு போடும்போது என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டே?"

"ஷிகோர்னுதான். வேற பேரு தெரியாதே."

"கிஃப்லாய். எந்தம்பி பேரு கிஃப்லாய்."

அல்கானெஷ் அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, இத்தனை வருடம் எங்களைச் சிரிக்கவைத்தவள், அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள்.